நம்ம மாவட்டத்தை நாமே பார்ப்போம்



சுற்றுலா என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்கிறோம். "அதெல்லாம் நமக்கு எதுக்கு, செலவாகும்" என்று அதோடு விட்டுவிடுகிறோம். நம்மில் பலர் சிதம்பரம் போவதே ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும்தான்.

ஆனால் நம்ம கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே எத்தனை வகை நிலம்! பண்ருட்டியில் செம்மண், பலா, முந்திரி. நெய்வேலியில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி. காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் ஏரியும் நெல் வயலும். கடலூரில் வெள்ளிக் கடற்கரை. சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோரமாகப் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு.

பிச்சாவரத்தில் தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பேர் இந்த மரத்தால் வந்ததுதான். அதன் பால் கண்ணில் படக்கூடாது, கவனம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. மரங்கள் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டன. இதை நேரில் பார்த்து வந்தால், நம்ம ஊர் மரத்தில் கோடாலி வைக்க மனசு வராது.

செலவுக்கு வழி? 15 பேர் வாரம் 10 ரூபாய் போட்டால் 50 வாரத்தில் 7,500 ரூபாய். இதைக் குழுச் சேமிப்போடு கலக்காமல் தனியாக வரவு எழுதணும். சுற்றுலாவுக்காகக் கடன் வாங்க வேண்டாம். முதல் தடவை காலையில் நடராஜர் கோயில், மதியம் நடை சாத்தியதும் பிச்சாவரம். கட்டுச்சோறு நம்ம கையில்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்:
1. நம்மில் யார் யார் பிச்சாவரம் பார்த்ததில்லை?
2. நாம் போகும் அன்று வீட்டில் அடுப்பை யார் பார்ப்பார்கள்?

இரண்டாவது கேள்வியை வீட்டு ஆண்களிடமும் கேளுங்கள்.