மாரிக்கு முன் அன்ரனா

குறித்த நேரத்துக்குள் இயன்றவரை அதிக நிலையங்களோடு ஹாம் வானொலியாளர்கள் தொடர்புகொள்ள முயலும் சீகியூ உலகப் போட்டியின் 48 மணிநேரக் குரல்வழிப் பிரிவு, ஒக்டோபரின் கடைசி முழு வாரஇறுதியில், இலங்கை நேரப்படி சனிக்கிழமை அதிகாலை 5.30க்குத் தொடங்குவதால், செங்கலடியில் அது இடிமழைக் காலத்தோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே அன்ரனா வேலைகளைச் செப்டெம்பரிலேயே முடிப்பது நன்று.

நடுவில் கேபிள் இணைக்கப்படும் அரையலைக் கம்பியாகிய டைபோலின் மொத்த நீளத்தை, 142.5ஐ மெகாஹேர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்ணால் வகுத்து மீற்றரில் பெறலாம், 14.2 மெகாஹேர்ட்சுக்கு அது ஏறத்தாழ 10 மீற்றர். வெட்டிய கம்பி மீண்டும் வளராது என்பதால், சற்று நீளமாகவே வெட்டி, அன்ரனாவிலிருந்து திரும்பிவரும் சக்தியை உணர்த்தும் எஸ்.டபிள்யூ.ஆர். மானியைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தென்னையில் கட்டும் கயிற்றைக் கப்பியில் ஓடவிட்டு முனையில் பாரம் தொங்கவிட்டால், மரம் ஆடினாலும் கம்பி அறாது. மின்கம்பிகளின் அருகில் மட்டும் ஒருபோதும் கட்டலாகாது. ஈரமும் உப்பும் கலந்த வாவிக்கரைக் காற்றில் செம்பு பச்சை பிடிப்பதால், இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தமாக்கி, ஈயம் பற்றவைத்து, நீர்புகா நாடாவால் சுற்ற வேண்டும்.

புள்ளிகள் எவ்வளவு குவிந்தாலும், வானம் கறுக்கும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடவேண்டும். இடி தொடங்கிய பின் அதைத் தொடலாகாது.