பனிநிலத்து வித்து

உலர்பழக் கடைகளில் முந்திரிக்கும் பாதாமுக்கும் இடையே, மெலிந்து நீண்ட பழுப்புநிறக் கொட்டை ஒன்று அரிதாகக் காணப்படும். விலையோ முந்திரியினும் பன்மடங்கு. சில்கோசா எனப்படும் அது, இமயமலைப் பைன் மரமொன்றின் விதை. ஜிம்னோஸ்பெர்ம்களைப் பயிலும் மாணவர் அம்மரத்தைப் பைனஸ் ஜெரார்டியானா என்னும் பெயரால் அறிவர்.

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில், சட்லஜ் ஆற்றை ஒட்டிய வறண்ட பாறைச்சரிவுகளில் இம்மரம் வளர்கிறது. ஏறத்தாழ 1,800 மீட்டர் முதல் 3,300 மீட்டர் வரையிலான உயரமே அதன் வாழிடம். தமிழகத்தின் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை ஒப்புநோக்கலாம். பைன் விதைகள் பலவும் சிறகு பெற்றுக் காற்றில் பறப்பவை. சில்கோசா விதைக்கோ சிறகு பெயரளவில்தான் உண்டு. பறவைகளும் கொறிவிலங்குகளும் சுமந்து சென்று, தின்னாது விட்டவையே தொலைவில் முளைக்க வேண்டும்.

அவற்றுக்கும் இன்று மிஞ்சுவது குறைவு. கூம்புகள் விரிந்து விதை சிந்துமுன்பே அவை பறிக்கப்பட்டுவிடுகின்றன. சில வேளைகளில் கிளையும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது. முதுமரங்கள் நிற்கும் காட்டில் இளங்கன்றுகளைத் தேட வேண்டியுள்ளது. மலைமக்களைக் குறைகூறுதல் எளிது. குறுகிய வேளாண் பருவமே வாய்த்த அவர்களுக்கு இவ்விதையே கைக்காசு. ஆதலின், சில கூம்புகளையேனும் மரத்தில் விட்டுவைப்பதும் நாற்றங்காலில் கன்று வளர்ப்பதும் தேவையாகின்றன.

வளர்ப்பும் எளிதன்று. கடையில் கிடைக்கும் வறுத்த விதை முளைக்காது. எண்ணெய்ச் சத்து மிகுந்ததாதலின், பச்சை விதையும் வெப்பத்தில் விரைவில் உயிர்ப்பை இழக்கும். உயர்மலைப் பைன்கள் பலவற்றின் விதைகள் ஈரத்தோடு குளிரையும் சில வாரங்கள் உணர்ந்த பின்னரே சீராக முளைக்கின்றன. இலையுதிர்காலத்தில் விழும் விதை உடனே முளைத்தால் வரும் பனியில் மடியும்; விதையுறக்கம் அதனைக் காக்கிறது. நாற்றங்காலில் ஈரமணலில் விதைகளை இட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்து அக்குளிர்காலத்தைச் செயற்கையாக உண்டாக்குவர். பின்னர் நீர் தேங்காத மண் வேண்டும்; தேங்கினால் பூஞ்சை தாக்கித் தண்டின் அடி அழுகும். எல்லாப் பூஞ்சையும் பகையன்று. வேரோடு கூடி வாழும் பூஞ்சை நீரும் கனிமமும் ஈட்டித் தருவதால், பைன் காட்டு மண்ணில் சிறிது கலப்பது வழக்கம். ஆணிவேர் ஆழ்ந்து இறங்குவதால் உயரம் குறைந்த பையில் அது சுருண்டுவிடும்.

ஆவடியில் ஒரு வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் விதைக்குக் குளிர்காலத்தை அளித்துவிடும். முளைத்த கன்றை எதிர்நோக்கியிருப்பதோ 40 பாகை செல்சியசைத் தொடும் கோடை.