மழைக்காலத்தில் சோர்ந்து கிடக்கும் ஆமை: மருந்துக்கு முன் வெப்பமானி

ஐப்பசி அடைமழை பிடித்ததிலிருந்து தைப்பனி விலகும்வரை, கண்ணாடித் தொட்டியில் ஆமை வளர்க்கும் வீடுகளில் ஒரே மாதிரியான புகார்தான். தீனி போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, கண்ணைத் திறப்பதில்லை. கடைக்காரரிடம் கேட்டாலும் பக்கத்து வீட்டில் கேட்டாலும் கிடைக்கும் சமாதானமும் ஒன்றுதான்: குளிர்காலம் அல்லவா, ஆமை தூங்குகிறது, வெயில் வந்தால் தானாக எழுந்துகொள்ளும். அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் மழைக்காலத்தில் மந்தமாகும் வளர்ப்பு ஆமை பெரும்பாலும் உடம்பில் சூடு போதாமல் தவிக்கிறது. அந்தத் தவிப்பின் மேல் ஏதோ ஒரு நோயும் ஏறிக்கொண்டிருக்கலாம். மீன்தொட்டிக் கடையில் வெப்பமானி ஒன்று மலிவாகவே கிடைக்கும். இன்றே வாங்கித் தண்ணீரில் போட்டு, காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். மற்ற எல்லா முடிவுகளும் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உறக்கக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது ஏன் இங்கே செல்லாது என்பது விளங்கும். நம் ஊர்க் கடைகளில் காசு அளவுக் குஞ்சாக விற்கப்படுவது பெரும்பாலும் ரெட் இயர்டு ஸ்லைடர், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் அதன் சொந்த ஊர். அங்கே குளிர்காலத்தில் குளத்துத் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும். அதற்கு முன்பே ஆமை இரையை நிறுத்தி, குடலைக் காலி செய்துகொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். உடலின் இயக்கம் அநேகமாக நின்றே போகும். சென்னையில் மார்கழி, தை மாத இரவு வெப்பம் சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீர் 22, 24 என்று நிற்கும். ஏசி அறையில் ஆண்டு முழுக்கவே அப்படித்தான். உறங்குவதற்கு இது மிஞ்சிய சூடு, செரிப்பதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் போதாத சூடு. இரண்டு நாளுக்கு முன் தின்றது வயிற்றில் அப்படியே கிடக்க, தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்கள் மட்டும் சௌகரியமாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த ஆமை 23 டிகிரித் தண்ணீரில் வாழத்தானே செய்கிறது? வாழும். ஆனால் நாளில் சில மணி நேரமாவது கரையேறி, 32 டிகிரிக்குக் குறையாத ஓர் இடத்தில் ஓட்டைக் காயவைத்துக்கொள்ள அதற்கு வழி இருந்தால்தான். கோடையில் மொட்டை மாடியும் வராந்தாவும் அந்த வேலையைத் தாமாகவே செய்துவிடுகின்றன. நாம் எதுவும் செய்யாமலே ஆமை நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது. தொடர்ந்து பத்து நாள் வெயிலே இல்லாமல் போகும்போது அந்த இலவச ஏற்பாடு நின்றுவிடுகிறது. தண்ணீரின் குளிர்ச்சியைவிட, சூடேறிக்கொள்ள இடமே இல்லாமல் போவதுதான் ஆமையை வீழ்த்துகிறது.

ஊர்வன இனத்துக்குக் காய்ச்சல் வராது என்று நினைக்கிறோம். நம்மைப்போல் உள்ளிருந்து சூட்டைக் கிளப்ப அவற்றால் முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவை வெப்பமான இடத்துக்கு நகர்ந்து காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளும். மேத்யூ க்ளூகரும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் வெளியிட்ட சோதனை இதில் பெயர்பெற்றது. பாலைவன இகுவானா என்ற பல்லி வகைக்கு ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவைச் செலுத்தி, வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைத்து வைத்தார்கள். 34, 36 டிகிரியில் இருந்தவை அதிகமாகச் செத்தன. 40 டிகிரியில் இருந்தவை அதிகமாகப் பிழைத்தன. பாலைவனப் பல்லியின் எண்களை நீர் ஆமைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. 40 டிகிரியில் வைத்தால் உங்கள் ஆமை செத்தே போகும். பொருந்துவது அதன் அடிப்படை: குளிர்ந்த உடம்பில் நோய் எதிர்ப்பு வேலை செய்யாது, வெப்பத்தைத் தேடிப் போக வழியில்லாத ஊர்வனவற்றுக்குப் பாதி மருத்துவம் மறுக்கப்படுகிறது. அதே ஏரோமோனாஸ்தான் அழுக்குத் தொட்டிகளில் ஆமையின் ஓட்டுப் புண்ணுக்கும் இரத்தத் தொற்றுக்கும் வழக்கமான காரணங்களில் ஒன்று.

எனவே முதலில் சூடு. சோர்ந்த ஆமைக்குத் தண்ணீர் 27, 28 டிகிரி இருக்கட்டும். ஒரு லிட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாட் என்ற கணக்கில் மீன்தொட்டி ஹீட்டர் வாங்கினால் போதும். கண்ணாடிக் குழாயை ஆமை முட்டி உடைக்கும் என்பதால் சுற்றிலும் பிளாஸ்டிக் உறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டியில் கைவிடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டு இணைப்பில் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பொருத்திவிடுவது ஆமையைவிட உங்களுக்கு நல்லது. வெப்பத்தை ஒரே மூச்சில் ஏற்றாமல் அரை நாளில் மெல்ல ஏற்றுங்கள். அடுத்து, ஓடு முழுதும் காயும்படி தண்ணீருக்கு மேலே ஒரு மேடை, அதற்கு நேர் மேலே ஒரு விளக்கு. எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய 60 வாட் குண்டு பல்போ ஹாலஜனோதான் வேண்டும். ஓர் அடி உயரத்தில் தொடங்கி, மேடையில் வெப்பமானியை வைத்து 32-இலிருந்து 35-க்குள் நிற்கும்வரை உயரத்தைக் கூட்டிக் குறையுங்கள். இரவில் பல்பை அணைத்துவிடலாம், ஹீட்டரை அணைக்கக் கூடாது. புயல் நாட்களில் மின்சாரம் போய்விட்டால், ஆமையைத் துடைத்து, காற்றுத் துளையிட்ட தெர்மோகோல் பெட்டியில் துண்டு விரித்து வையுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓர் ஓரமாக வைத்து, ஆறும்போது மாற்றிக்கொண்டிருங்கள். ஓரிரு நாள் தண்ணீருக்கு வெளியே இருப்பதால் நீர் ஆமைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே, வெளிச்சம் வருகிறதே என்பவர்கள் உண்டு. ஓடும் எலும்பும் கெட்டிப்படக் கால்சியம் வேண்டும். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதை ஆமையின் தோல் உண்டாக்கிக்கொள்ளப் புற ஊதா-பி கதிர் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடுகிறது. மழை விட்டு வெயில் தலைகாட்டும் காலை நேரத்தில் இருபது, முப்பது நிமிடம் நேரடியாக வெயில் படும்படி விடுங்கள். அகலமான பிளாஸ்டிக் டப்பில், பாதியில் நிழல் இருக்கும்படி வையுங்கள்; காக்கையும் பூனையும் அண்டாதபடி கூடவே ஒருவர் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைப்பது கொலைக்குச் சமம்; கொஞ்ச நேரத்திலேயே உள்ளே வெப்பம் எல்லை மீறிவிடும். வெயிலை நம்ப முடியாத வீடுகளில் புற ஊதா-பி குழல் விளக்கு பொருத்தலாம். அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துபோகும் என்பதால் ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டில் மாற்றிவிட வேண்டும்.

சூட்டுக்கு அடுத்தது நீர், அதற்கும் அடுத்ததுதான் தீனி. வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றதும் காய்ந்த இறாலையும் புழுவையும் மூக்கருகே நீட்டுகிறார்கள், சிலர் வாயைத் திறந்து ஊட்டவும் செய்கிறார்கள். குளிர்ந்த வயிற்றுக்குள் போன தீனி செரிக்காமல் அழுகும். ஊட்டும்போது மூச்சுக்குழலுக்குள் போகவும் வாய்ப்புண்டு. உடம்பு சூடேறி ஒரு நாளாவது ஆகட்டும். சோர்ந்து மூழ்கக்கூடிய ஆமையை ஆழமான தண்ணீரில் விடாதீர்கள். தாடை மட்டத்துக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் தினமும் இருபது நிமிடம் உட்காரவைத்தால் அதுவாகவே குடிக்கும், கழிக்கும். ஆமை மாதக்கணக்கில் பட்டினி கிடக்குமே என்ற வாதம் கொழுத்த பெரிய ஆமைக்கு ஓரளவு பொருந்தும். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. சமையலறை எலெக்ட்ரானிக் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

வீங்கி மூடிய கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமாகத் தவறு நடப்பது அங்கேதான். கண்ணில் கிருமி என்று முடிவுகட்டி, மனிதர்களுக்கான சொட்டு மருந்தை விடுவது வழக்கமாகிவிட்டது. காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளரும் இளம் ஆமைகளில் பெரும்பாலும் அடிப்படைக் காரணம் வைட்டமின் ஏ பற்றாக்குறை. அது குறைந்தால் கண்ணீர்ச் சுரப்பியின் உட்படலம் தடித்து உரிந்து, கழிவு சேர்ந்து கண் புடைக்கும். கிருமி பின்னால் வந்து சேர்வது. மூச்சுப் பாதையின் படலமும் இதேபோல் கெடுவதால்தான் கண் வீக்கமும் நிமோனியாவும் ஜோடியாக வருகின்றன. இரையைப் பார்த்துப் பிடிக்கும் பிராணி கண் மூடியதும் பட்டினி கிடக்கிறது, அதை நாம் உறக்கம் என்கிறோம். அதற்காக வைட்டமின் ஏ ஊசியைத் தேடி ஓடவும் கூடாது. அளவு மீறினால் தோல் வழன்று உரியும். தேவையா, எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு. கண் திறந்து சாப்பிடத் தொடங்கியபின் தீனியை மாற்றுங்கள்: தரமான பெல்லட், மண்புழு, சிறிது ஈரல், துருவிய கேரட், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரை. உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம்.

“நாலு வருஷமாக ஹீட்டரும் கிடையாது, விளக்கும் கிடையாது, நன்றாகத்தான் இருந்தது” என்பது இந்த யோசனைகளுக்கு எதிராக எழும் வலுவான குரல். அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாத குரலும்தான். சூழ்நிலை நன்றாக அமைந்த ஆமைகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் ஆமையின் உடம்பு எல்லாவற்றையும் மெதுவாகவே செலவழிக்கிறது. ஈரலில் உள்ள வைட்டமின் தீர மாதங்கள் ஆகும், எலும்பில் உள்ள கால்சியம் கரைய அதைவிடவும் ஆகும். அந்த நாலு வருடமும் இருப்பில் ஓடிய காலமாக இருக்கலாம். ஓட்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: குஞ்சுப் பருவம் தாண்டியும் ஓடு அமுங்கினால், அல்லது விளிம்பு மேல்நோக்கி வளைந்திருந்தால், கோளாறு இந்த மழையில் தொடங்கியதல்ல.

சூடு மருத்துவத்துக்கு மாற்று என்று இதைப் படித்துவிட வேண்டாம். மருந்து வேலை செய்யவே சூடு வேண்டும். மருந்தே தேவைப்படாத அளவில் பல ஆமைகள் தேறியும்விடும். ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால் நிமோனியா என்று சந்தேகியுங்கள்: ஆமையின் நுரையீரல் முதுகோட்டை ஒட்டி இருப்பதால், ஒரு புறம் நீர் கோத்ததும் சமநிலை போய்விடும், நம்மைப்போல் பலமாக இருமிச் சளியை வெளியேற்றவும் அதனால் முடியாது. வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு விடுதல், மூக்கில் குமிழி, அடியோட்டில் சிவப்புத் திட்டு, ஓட்டில் நாற்றமடிக்கும் குழி, பின்புறம் சதை வெளித்தள்ளுதல் ஆகியவையும் அவசரம்தான். வளர்ந்த பெண் ஆமை சாப்பிடாமல் பின்னங்காலால் ஓயாமல் பறித்தால் அது முட்டையிட இடம் தேடுகிறது என்று பொருள். ஆண் துணை இல்லாமலும் முட்டை உருவாகும். ஈர மணல் நிரப்பிய தொட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் முட்டை வராவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் நாய், மாடு பார்க்கும் டாக்டர்தானே என்று தயங்குகிறார்கள். அவரால் எக்ஸ்ரே எடுக்க முடியும், எங்கே அனுப்புவது என்றும் தெரியும்; சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளும் இருக்கின்றன. வெப்பநிலைக் குறிப்பு, எடைக் குறிப்பு, தொட்டியின் புகைப்படம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஆமைக்கு ஆன்டிபயாடிக் ஊசிகள் சில மூன்று நாளுக்கு ஒன்று என்ற இடைவெளியில் போடப்படுபவை. இரண்டாவது ஊசியோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. முக்கியமாக, உண்ணிக்கும் சொறிக்கும் நாய்களுக்குத் தரும் ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு உயிர்க்கொல்லி. வீட்டில் நாய்க்கு வாங்கியது மீதி இருந்தாலும் ஆமைப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

உங்களிடம் இருப்பது நட்சத்திர ஆமையோ, குளத்தில் பிடித்த பால் ஆமையோ என்றால் விஷயம் வேறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வாஸ்துவுக்காக வைத்தோம் என்பது சட்டத்தில் ஒரு காரணம் அல்ல. பயந்து ஒளித்து வைப்பதால் நோய் முற்றுவதுதான் மிச்சம், வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். ஸ்லைடரை வளர்க்க முடியவில்லை என்பவர்கள் அதைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடவும் கூடாது. உலகின் மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உள்ள ஆமை அது. நோயோடு போனால் அங்குள்ள ஆமைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போகும். வீட்டில் உள்ளவர்களின் நலனையும் பாருங்கள்: ஆமைத் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவ வேண்டாம், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சிறு குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். சால்மோனெல்லா கிருமிக்காகத்தான் அமெரிக்கா 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது.

ஹீட்டரை எப்போது நிறுத்தலாம்? பொங்கல் முடிந்ததும் எடுத்துவிடுவது அவசரப்படுவதாகும். இணைப்பைத் துண்டித்துவிட்டு விடியற்காலை வெப்பத்தைக் குறித்து வாருங்கள். தொடர்ந்து பத்து நாள் 25-க்குக் கீழே இறங்காமல் நின்றால் ஹீட்டரைக் கழுவி எடுத்து வைக்கலாம், ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மேடை விளக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஆண்டு முழுவதும் இருக்கட்டும்.