இரண்டு ஃபிளாட்டும் பிடித்திருக்கிறதா?

சென்னையில் ஒரே பகுதி, ஏறக்குறைய ஒரே விலை. எதை வாங்குவது என்று தடுமாறுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. பத்திரத்தில் யு.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) அளவை ஒப்பிடுங்கள். கட்டடம் பழசாகும், நிலத்தில் உங்கள் பங்குக்குத்தான் மதிப்பு ஏறும்.

2. சூப்பர் பில்டப் கணக்கை விடுங்கள். புழங்கும் இடம் கார்பெட் ஏரியாதான்.

3. நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வாட்ச்மேனிடமும் எதிர்க் கடைக்காரரிடமும் கேளுங்கள். உள்ளது உள்ளபடி அவர்களுக்குத்தான் தெரியும். கார் நிறுத்தும் இடத்துத் தூண்களின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். புது பெயின்ட் கறையை மறைக்கும், ஈரத்தை மறைக்காது.

4. கோடை மாத மெயின்டனன்ஸ் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். லாரித் தண்ணீர்ச் செலவு அதில் தெரிந்துவிடும்.

5. தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, அங்கீகரித்த வரைபடம் மூன்றையும் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். விற்பவர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். இந்த ஆவணங்களில் குறையிருந்தால், எவ்வளவு பிடித்த வீடானாலும் விட்டுவிடுங்கள். பேங்க் கடன் கிடைப்பதும் கடினம், நாளை விற்பதும் கடினம்.

6. இன்னும் முடிவாகவில்லையா? வேலை நாளில் காலை எட்டரைக்கு இரண்டு வீட்டிலிருந்தும் ஆபீசுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் போய்ப் பாருங்கள். தினமும் பட வேண்டிய பாடு அது.