பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டாதீர்கள்

காவேரிப்பட்டினத்தில் விடிகாலை பஸ் பிடித்து, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் சிப்காட்டுக்கு ஐ.டி. வேலைக்குப் போகிறவரா நீங்கள்? ஒரு கேள்வி. உங்கள் கம்பெனியின் விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) எல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டர் இன்று படுத்துவிட்டால், எத்தனை மணி நேரத்தில் எழுப்புவீர்கள்?

"தினமும் பேக்கப் ஓடுது சார்" என்பார்கள் பலர். கேட்டது நேரம், சொன்னது நம்பிக்கை. இன்டர்வியூவில் இதே கேள்வி வந்தால், ஆள் தெரிவது இங்கேதான்.

விசென்டர் நின்றதும் ஆலை நின்றுவிடாது. ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்களில் விஎம்கள் பாட்டுக்கு ஓடும்; ஏற்கெனவே அமைத்த ஹெச்ஏ கூட வேலை செய்யும். விமோஷன், டிஆர்எஸ் மட்டும் நிற்கும். அதனாலேயே பலரும் இதை அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் விசென்டர் தனியாகச் சாவது அபூர்வம். ஸ்டோரேஜோ, மின்சாரமோ, ரான்சம்வேரோ கூட நாலைந்தை இழுத்துக்கொண்டுதான் போகும்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ரான்சம்வேர் செய்தது அதுதான். 5 சர்வர்கள் அடிபட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிட்டல் தரவு மீண்டது. அந்த 'எட்டாத' என்ற சொல்லை வைத்தே உங்கள் திட்டத்தைப் போடுங்கள்.

எதை எடுப்பது?

விசென்டரின் 5480 போர்ட்டில் திறக்கும் நிர்வாகப் பக்கத்திலேயே பேக்கப் வசதி இருக்கிறது. 6.5 பதிப்பில் வந்தது, 6.7 முதல் ஷெட்யூலும் போடலாம். இன்வென்ட்டரி, அமைப்புகள், வேண்டுமானால் பழைய ஈவென்ட்கள், புள்ளிவிவரங்கள் வரை அதில் வரும். உங்கள் ஈஆர்பி விஎம் அதில் வராது. அதற்குத் தனி பேக்கப் வேண்டும். ஸ்னாப்ஷாட்டை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். அது குடியிருப்பது விஎம் இருக்கும் அதே டேட்டாஸ்டோரில்.

தினம் ஒன்று, பேட்ச் போடுமுன் கையால் ஒன்று, இரண்டு வாரப் பிரதிகள் கையிருப்பு: சின்ன ஆலைக்கு இது போதும்.

எங்கே வைப்பது?

கிளஸ்டருக்கு வெளியே. ஃபைல் சர்வருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அந்த ஃபைல் சர்வரே கிளஸ்டருக்குள் ஒரு விஎம்மா என்று பாருங்கள். ஆம் என்றால், சாவி பெட்டிக்குள் இருக்கிறது. தனி நாஸ் பெட்டியாக இருக்கட்டும். டொமைன் அட்மின் கணக்கால் அதை அழிக்க முடியாதபடி தனிக் கணக்கு போடுங்கள்.

இன்னொரு பிரதி வேறு ஊருக்குப் போக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சர்வரும் பேக்கப்பும் ஒரே தரைத்தளத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

சாவிக்கொத்து

பேக்கப் ஃபைல் மட்டும் கையில் இருந்து பயனில்லை. கீழே உள்ளவற்றைத் தாளில் அச்சிட்டு, உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் வையுங்கள்:

- பேக்கப்பைப் பூட்டிய பாஸ்வேர்ட். இதைத் தொலைத்தால் ஃபைல் வெறும் குப்பை.
- ஒவ்வொரு ஹோஸ்ட்டின் ரூட் பாஸ்வேர்ட், எஸ்எஸ்ஓ அட்மின் பாஸ்வேர்ட்.
- விசென்டரின் முழுப்பெயர், ஐபி, கேட்வே, டிஎன்எஸ், என்டிபி.
- பதிப்பும் பில்ட் எண்ணும். அதே பதிப்பின் ஐஎஸ்ஓ பேக்கப்போடு இருக்கட்டும். பதிப்பு மாறினால் ரீஸ்டோர் நடக்காது.

பாஸ்வேர்ட் மேனேஜரும் டிஎன்எஸ்ஸும் அதே கிளஸ்டரின் விஎம்களா? மறுபடியும் பெட்டிக்குள் சாவி.

பலர் சறுக்கும் இடம் நெட்வொர்க். டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச்சில் ஸ்டாட்டிக் பைண்டிங் போர்ட் குரூப் மட்டும் இருந்தால், விசென்டர் இல்லாதபோது புதிய விஎம்மை அதில் இணைக்க முடியாது. இணைக்க வேண்டியதோ விசென்டரையே! விசென்டர் இல்லாதபோதும் இணைக்கக்கூடிய எஃபிமெரல் போர்ட் குரூப் ஒன்றை இன்றே உருவாக்கி வையுங்கள்.

லாக்குகளையும் தனி சர்வருக்கு அனுப்புங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் காக்க வேண்டும். தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விசென்டரோடு லாக்கும் போனால் எதைக் காட்டுவீர்கள்?

ஒத்திகை

மாங்கூழ் ஆலையில் இருப்பவர்கள் சீசன் நடுவில் சர்வரில் கை வைக்க முடியாது. பெங்களூரா மாங்காய் லாரிகள் வாசலில் வரிசை கட்டுமுன் ரீஸ்டோர் ஒத்திகையை முடித்துவிட வேண்டும். ஓசூர் ஆட்டோ பாகக் கம்பெனிகளுக்கு ஆயுதபூஜை விடுமுறை தோது. வெளி நெட்வொர்க்கோடு தொடர்பில்லாத தனி ஹோஸ்ட்டில் ரீஸ்டோர் செய்யுங்கள். ஒரே ஐபியில் இரண்டு விசென்டர் எழுந்தால் புதுத் தலைவலி. பீரோவில் உள்ள உறையை மட்டும் வைத்துக்கொண்டு, அமைத்தவர் அல்லாத இன்னொருவர் செய்யட்டும். அவர் எழுந்து வந்து உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உறையில் விட்டுப்போன ஒரு சாவி.

ஆரம்பித்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறித்து, மேனேஜருக்கு ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள். இடையில் ஆன மணி நேரத்தை ரெஸ்யூமேயிலும் எழுதுங்கள். அடுத்த இன்டர்வியூவில் அந்தக் கேள்வி வரும்போது, இத்தனை மணி நேரம் என்று எண்ணாகவே பதில் சொல்லலாம்.