டேப்பு பிடிக்கிற வேலைக்கு டிகிரி எதற்கு?

தில்லி தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று எங்கள் ஜனக்புரியில் இருக்கிறது. மத்தியானம் பள்ளி விடுகிற நேரத்தில் அந்த வாசலில் நின்றால் சேலத்துத் தமிழ், நெல்லைத் தமிழ், பாலக்காட்டுத் தமிழ் எல்லாம் காதில் விழும். போன மாதம் அங்கே ஓர் அம்மா என்னை நிறுத்தினார். சின்னவளைக் கூட்டிப் போக வந்தவர். மூத்தவன் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டான். ஒரு கட்டுமான நிறுவனம் ஒரு வருட அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறது.

"அண்ணா, டிப்ளமோ படிச்ச பையன் போய் அப்ரெண்டிஸா நிக்கறதா? அதுக்கு ஐடிஐ பசங்கதானே போவாங்க? சர்வே பிரிவுலயாம். டேப்பு பிடிக்கவா மூணு வருஷம் படிச்சான்னு அவங்கப்பா கத்தறார். என் நாத்தனார் பையன் லண்டன்ல வேலை பாத்துக்கிட்டே டிகிரி வாங்கறானாம். இதுவும் அதானா, வேறயா?"

வாசலில் நின்றபடி பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்விகளோடு இன்னும் பல வீடுகளில் பெற்றோர் குழம்பிக் கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் "ஐடிஐ பசங்களுக்குத்தான்" என்ற எண்ணம். தொழிற்பழகுநர் சட்டம் வந்தது 1961இல். அப்போது அது ஃபிட்டர், டர்னர் போன்ற தொழில்களைத்தான் மனத்தில் வைத்திருந்தது. 1973இல் சட்டத்தைத் திருத்தி, பட்டம் பெற்றவர்களையும் டிப்ளமோ முடித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்பே மாறிய விஷயம் இது. இவர்களுக்கான பயிற்சியை மத்திய கல்வி அமைச்சகம் நேட்ஸ் என்ற திட்டத்தின் கீழ் நடத்துகிறது. அதற்கென்று நான்கு மண்டல வாரியங்கள் உண்டு. தில்லி வருவது கான்பூர் வாரியத்தின் கீழ். தமிழ்நாட்டுக்கு தரமணியில் இருக்கிற சென்னை வாரியம். ரைட்ஸ், இர்கான் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் சிவில் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் இப்படி எடுக்கின்றன. தமிழ்நாடு பொதுப்பணித் துறையும் எடுக்கிறது.

இதில் எனக்கு இன்னொரு ஆதங்கம் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் தெருவுக்கே இனிப்பு கொடுக்கிறோம். அந்தக் கல்லூரி எதிலிருந்து முளைத்தது? 1794இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளர் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் மொத்தம் எட்டுப் பேர், அநாதை விடுதியிலிருந்து வந்த சிறுவர்கள். கணக்கையும் கருவியையும் கையில் கொடுத்து, வேலையோடு வேலையாகக் கற்றுக்கொடுத்து, அளவைக்காரர்களாக வெளியே அனுப்பினார்கள். அந்த வழியில் வந்த ஜோஷுவா டி பென்னிங் என்ற பையன் வில்லியம் லாம்ப்டனின் குழுவில் சேர்ந்தார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினாரே, அதே லாம்ப்டன்தான். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெருவேலை அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது. அளவைப் பள்ளி பின்னால் சிவில் பள்ளியாகி, 1859இல் பொறியியல் கல்லூரியாயிற்று. நாம் இன்று கைகூப்பி நிற்கிற கல்லூரிக்கு விதை போட்டவர்கள் எட்டு அப்ரெண்டிஸ்கள் என்பதை டிப்ளமோ பையனின் அப்பாவிடம் சொல்லச் சொன்னேன்.

அடுத்தது டேப்பு. "ஜிபிஎஸ் வந்தாச்சு, ட்ரோன் வந்தாச்சு, இனிமேல் சர்வேயருக்கு என்ன வேலை?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

இதற்குப் பதில் எங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. ஜனக்புரி வெஸ்ட் மெட்ரோ ஸ்டேஷனில் ப்ளூ லைன் பாலத்தின் மேல் ஓடுகிறது. 2018 மே மாதம் திறந்த மெஜந்தா லைன் பூமிக்கு அடியில். இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்குகிற எஸ்கலேட்டரின் உயரம் 15.6 மீட்டர், திறந்தபோது நாட்டிலேயே உயரமானது என்றார்கள். 2025 ஜனவரி 5 அன்று அந்த லைன் கிருஷ்ணா பார்க் எக்ஸ்டென்ஷன் வரைக்கும் நீண்டது. பூமிக்கு அடியில் செயற்கைக்கோள் சிக்னல் எட்டாது. சுரங்கம் தோண்டுகிற எந்திரம், எதிரே கட்டி வைத்திருக்கும் ஸ்டேஷன் சுவரில் சரியான வட்டத்துக்குள் போய் வெளியே வர வேண்டும். மேலே தெருவில் போட்ட அளவைப் புள்ளிகளை ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழி வழியாகக் கீழே இறக்கி, டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியால் ஒவ்வொரு கட்டமாக முன்னுக்குக் கொண்டுபோவது சர்வேயர்தான். கோணத்தில் 5 விநாடி தவறினால் 1 கிலோமீட்டர் தள்ளி 24 மில்லிமீட்டர் விலகும். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கி அதில் 5 பங்குதான் அந்த 5 விநாடி.

ட்ரோன் கதையும் இப்படித்தான். 2020இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமத்து வீட்டுமனைகளை ட்ரோனால் படம் எடுக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் நகரங்களுக்கான நக்‌ஷா திட்டமும் 152 ஊர்களில் தொடங்கியது. வானத்திலிருந்து எடுத்த படம் தரையில் சரியான இடத்தில் உட்கார வேண்டும். யார் வேலி எங்கே முடிகிறது என்று இரண்டு வீட்டுக்காரர்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். இதற்கெல்லாம் தரையில் ஆள் நின்றாக வேண்டும். கருவி மாறியதால் வேலை கூடியிருக்கிறது. அதைப் புரிந்து செய்கிற ஆள்தான் போதவில்லை.

இதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியாதா என்று கேட்கலாம். பாதி முடியும். மற்றப் பாதியை ஒரு காட்சியாகச் சொல்கிறேன்.

நான் சைட்டில் இருந்த காலத்தில், மழைநீர்க் கால்வாய் வேலை ஒன்றுக்கு மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி பட்டதாரி அப்ரெண்டிஸாக வந்தாள். முதல் வாரம் அவளிடம் மட்டம் பார்க்கிற ஆட்டோ லெவல் கருவியைக் கொடுத்து, "இது சரியா இருக்கான்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றேன். 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்தாள். நட்டநடுவில் டிரைபாடை நிறுத்தி, குமிழை வட்டத்துக்குள் கொண்டுவந்து, இரண்டு முளை மேலும் ஸ்டாஃப் என்ற அளவுகோலை வைத்துப் படித்தாள்: 1.425, 1.310. வித்தியாசம் 0.115. பிறகு கருவியை ஒரு முளைக்குப் பக்கத்தில் தூக்கி வைத்து மறுபடி படித்தாள்: 1.502, 1.394. வித்தியாசம் 0.108. நடுவில் நிற்கும்போது இரண்டு பக்கமும் தூரம் சமம் என்பதால் கருவியின் கோளாறு தானாகக் கழிந்துவிடும். ஓரத்துக்குப் போனதும் அது வெளியே வந்துவிட்டது. 7 மில்லிமீட்டர்.

அவள் அதைத் தன் தப்பு என்று நினைத்து, ஃபீல்டு புக்கில் எழுதியதை அழிக்க ரப்பரைத் தேடினாள். ஃபீல்டு புக்கில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக இருந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுத வேண்டும். பழைய எண் கண்ணில் பட வேண்டும். மறுபடி செய்தாள், அதே 7 வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, கோளாறு கருவியில் இருக்கிறது என்று. 500க்கு 1 சரிவில் போகிற கால்வாயில் 50 மீட்டருக்கு மொத்த இறக்கமே 100 மில்லிமீட்டர்தான். அதில் 7 போனால், இப்படியே பத்து இடத்தில் சேர்ந்துகொண்டே போனால், மழைத் தண்ணீர் எந்தத் தெருவில் தேங்கும் என்று அவளே கணக்குப் போட்டாள். பரீட்சையில் இந்தச் சோதனைக்கு அவள் முழு மார்க் வாங்கியிருந்தவள். கருவியைச் சந்தேகப்படக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

பெண்களுக்கு சைட் சரிப்படாது என்று சொல்பவர்களுக்கு ஒரே ஒரு பெயர் சொல்கிறேன். கிண்டியில் 1940களில் சிவில் படித்த பி.கே. திரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

இப்போது லண்டன் பையன். இந்தக் குழப்பத்தைத்தான் கவனமாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். இங்கிலாந்தில் 2015 முதல் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் என்ற ஏற்பாடு இருக்கிறது. பையன் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான், கூடவே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். படிப்புச் செலவு அவன் தலையில் விழாது. முடிவில் பட்டம் கிடைக்கும். சர்வேயிங் பிரிவில் சேர்ந்தால் ஆர்ஐசிஎஸ் என்ற பழம்பெரும் சங்கத்தின் சார்ட்டர்டு தகுதிக்கும் அதே பாதையில் போகலாம்.

இங்கே நேட்ஸில் ஒரு வருடம் முடித்தால் கிடைப்பது அரசு தருகிற தேர்ச்சிச் சான்றிதழ். நல்ல சான்றிதழ்தான், ஆனால் பட்டம் கிடையாது. பட்டப் படிப்புக்கு உள்ளேயே பயிற்சியைச் சேர்த்து வைக்கும் முறையை யுஜிசி 2020இல் கொண்டுவந்து, பின்னர் திருத்தியும் இருக்கிறது. அப்படிப்பட்ட படிப்பில் சேர்ந்தால் பயிற்சிக் காலமும் கிரெடிட் கணக்கில் சேரும். இரண்டும் வேறு வேறு கதவுகள். "ஒரு வருஷம் வாங்க, டிகிரியோட போங்க" என்று யாராவது சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம், என்ன அங்கீகாரம் என்று எழுத்தில் கேளுங்கள்.

டிப்ளமோவுக்கு மேல் பட்டம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். வேலையில் இருப்பவர்களுக்குச் சாயங்கால வகுப்பில் பி.டெக். நடத்த ஏஐசிடிஇ 2023 முதல் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிறது. ஏஎம்ஐஇ தேர்வு எழுதினால் பி.இ.க்குச் சமம் என்று மாமாக்கள் இன்னும் சொல்கிறார்கள். அவர்கள் காலத்தில் அது உண்மை. 2013 மே 31க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு அந்தச் சமநிலை கிடையாது. அளவெடுப்பதைவிட அளவுக்கு விலை போடுவதில் ஆர்வம் இருந்தால் குவாண்டிட்டி சர்வேயிங் படிக்கலாம். நம் சைட்டில் பில்லிங் இன்ஜினியர் என்று சொல்கிற ஆள் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்கிறார். ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் போகிற தூரத்தில், நொய்டாவில் ஆர்ஐசிஎஸ் 2013இல் அமிட்டி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்த மாதிரித் துறைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. கட்டணம் அதிகம், சேருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

"அப்ரெண்டிஸ் முடிச்சா வேலை நிச்சயம்" என்பது இன்னொரு நம்பிக்கை. நிச்சயம் இல்லை. சட்டத்தின் 22ஆம் பிரிவு, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி நிறுவனமே தன் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சேரும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிராக, "அவன் அடிமாடு மாதிரி, கேட்க நாதி இல்லை" என்றும் ஒரு பேச்சு. இதுவும் தப்பு. அப்ரெண்டிஸ் சட்டப்படி தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதனால் தொழிலாளர் சட்டங்கள் பல அவருக்குப் பொருந்தாது. ஆனால் அவருக்கென்று உரிமைகள் இருக்கின்றன. அப்ரெண்டிஸ் ஆலோசகர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. பயிற்சியில் காயம் பட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். 2019இல் திருத்திய விதிப்படி மாத உதவித்தொகை பட்டதாரிக்கு 9,000 ரூபாய்க்கும், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய்க்கும் குறையக் கூடாது என்று வைத்தார்கள். அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தில்லியில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இது போதாது என்பதை நான் ஒளிக்க விரும்பவில்லை. வீட்டோடு இருக்கிற பையனுக்குச் சமாளிக்கலாம். ஊரிலிருந்து தனியாக வருகிறவனுக்கு வீட்டிலிருந்து பணம் வந்தாக வேண்டும்.

30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து எண்ணி, 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ்களை வைத்தே ஆக வேண்டும். ஆகவே இடம் கொடுப்பது அவர்கள் காட்டுகிற தயவு இல்லை. பையன் அதைத் தெரிந்துகொண்டு நிமிர்ந்து உள்ளே போகலாம்.

ஆனால் இந்த உரிமை எல்லாம் ஒரு காகிதத்தில் தொங்குகிறது. ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், "டிரெய்னி" என்று ஒரு தாளைக் கொடுத்து இரண்டு பையன்களை ஒன்றரை வருடம் வைத்திருந்தார்கள். பதிவு இல்லை. ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அப்ரெண்டிஸ் என்று சொல்லிக்கொள்ள அவனிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவன் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். அன்றைக்கு நான் அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

அதனால்தான் பள்ளி வாசலில் அந்த அம்மாவிடம், பையனின் கடிதத்தை போனில் அனுப்பச் சொன்னேன். இரண்டு பக்கம். சம்பளம் போட்டிருக்கிறது, சைட் பெயர் போட்டிருக்கிறது, சர்வே பிரிவு என்றும் போட்டிருக்கிறது. ஒப்பந்தப் பதிவு எண் இல்லை. நேட்ஸ் தளத்தில் பையன் தன் பெயரைப் பதிவு செய்யட்டும், நிறுவனமும் அதிலேயே ஒப்பந்தத்தை ஏற்றட்டும், எண் வந்த பிறகு சேரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பையன் நேரில் போய்க் கேட்டான். எச்ஆரில் இருக்கிற பெண் மரியாதையாகத்தான் பேசினாளாம், பத்து நாளில் செய்துவிடுவதாகச் சொன்னாளாம். இன்றோடு ஏழு நாள். அவங்கப்பா இப்போது கத்துவதில்லை, தினமும் சாயங்காலம், "எண் வந்துச்சா?" என்று மட்டும் கேட்கிறாராம்.