மலிவின் விலை

பல பாகங்கள் இணைந்து இயங்கும் பொருளில், நலிந்த ஒரு பாகமே முழுப்பொருளின் ஆயுளை முடிவு செய்துவிடும். பாகங்களை வாங்கும்போது விலையையும் தரத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சாரலூரில் ஒரு தொழில்

தென்காசி என்றதும் குற்றால அருவியும் ஆடிச் சாரலும் நினைவுக்கு வரும். அவ்வட்டாரத்தில் 2011ஆம் ஆண்டு சோகோ மென்பொருள் நிறுவனம் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவின் ஆதரவுடன், மின்கைக்கருவிகளை உருவாக்கும் ‘கருவி’ என்னும் நிறுவனமும் அங்கே பின்னர்த் தோன்றியது. மென்பொருளில் பிழை நேர்ந்தால் திருத்திய நிரலை அனுப்பிச் சரிசெய்யலாம். விற்பனையான கருவியின் பழுதை அவ்வாறு நீக்க இயலாது. எனவே, எப்பாகத்தை என்ன விலைக்கு வாங்குவது என்பது கருவி செய்வோர்க்கு முதன்மையான வினாவாகிறது.

கம்பி தரும் பாடம்

துளையிடும் கருவியை இயக்குவது மின்னோடி. அதன் சுருளைச் செப்புக் கம்பியாலும் அலுமினியக் கம்பியாலும் சுற்றலாம். அலுமினியம் விலை குறைந்தது. ஆனால், அதன் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 விழுக்காடே. பருமனும் மின்னோட்டமும் ஒன்றாயின், அலுமினியச் சுருளே மிகுதியாகச் சூடேறும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் மின்காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. செய்தவர் கம்பியில் மிச்சப்படுத்திய பணம், கருவி எரிந்துபோன நாளில் தச்சரின் கூலியிழப்பாக மாறுகிறது.

எங்கே சிக்கனம்?

ஒரு கருவியில் 50 பாகங்கள் உள்ளன என்க. ஒவ்வொரு பாகமும் 99 விழுக்காடு நம்பகமானது; எது பழுதானாலும் கருவி நின்றுவிடும். அந்நிலையில் 100 கருவிகளில் ஏறத்தாழ 60 மட்டுமே பழுதின்றி இயங்கும். பாகங்களின் நம்பகம் 99.9 விழுக்காடாக உயர்ந்தால், 95 கருவிகள் இயங்கும்.

இதனால் எல்லாப் பாகங்களையும் உயர்ந்த விலைக்கே வாங்க வேண்டும் என்பதன்று. உறையின் வண்ணம் மங்கினாலும் வேலை நடக்கும். பேரிங் தேய்ந்தால் வேலை நின்றுவிடும். மின்காப்புச் சிதைந்தால் உயிருக்கே ஊறு நேரும். ஆகவே, பழுதின் விளைவைக் கொண்டே பாகத்தின் விலையை மதிப்பிடுதல் வேண்டும். அழிவையும் ஆக்கத்தையும் பின்விளையும் ஊதியத்தையும் ஆராய்ந்து செயல்படுமாறு ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதும் இக்கணக்கையே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950ஆம் ஆண்டு ஜப்பானியத் தொழில்துறையினருக்குத் தரக்கட்டுப்பாட்டைப் பயிற்றுவித்தார். விலையை மட்டுமே பார்த்துக் கொள்முதல் செய்யாமல் மொத்தச் செலவைக் குறைக்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அவர் பெயரால் வழங்கப்படும் பரிசை 1998ஆம் ஆண்டு சென்னையின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு பெற்றது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் மின்னோடி பழுதுபார்ப்பவரைச் சந்தித்து, அடிக்கடி பழுதாகும் பாகங்களையும் அவற்றின் காரணங்களையும் பட்டியலிடுக.